ஹைப்ரிட் காரில் பிரேக் பிடிக்காமல் போகுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன். வீடு கோத்தகிரியில், வேலை கோயம்புத்தூரில். கைமாறி வரும் டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. ஆனால் ‘ஹைப்ரிட் கார் என்றாலே பிரேக் ஃபெயிலியர், டொயோட்டாவே லட்சக்கணக்கில் ரீகால் செய்தது’ (பழுது நீக்கத் திரும்ப அழைத்தது) என்று ஒரு வீடியோ பார்த்துவிட்டீர்கள். போதாக்குறைக்கு உங்கள் மாமா, ‘ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடுகிற வண்டியில் பூஸ்டர் எப்படி வேலை செய்யும்’ என்று கேட்டிருக்கிறார். வாங்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். வாங்குவதா வேண்டாமா என்பது அந்தக் குறிப்பிட்ட காரைப் பொறுத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். உண்மையில் உங்களை உறுத்துவது வேறு: மலை இறக்கத்தில் ஏதாவது கோளாறு வந்தால், காலை வைத்து அழுத்தும்போது அடியில் பிரேக் என்று ஒன்று மிச்சம் இருக்குமா? இருக்கும். எப்படி, எவ்வளவு என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவன். ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் ஹைப்ரிட் வண்டிகள், அதிலும் பிரியஸ், கேம்ரி வகைகள்தான் பார்த்தேன். இப்போது கோவையில் அதே வேலை. பிரேக் டிசைன் செய்த இன்ஜினியர் இல்லை. கழற்றி மாட்டியவனுக்குத் தெரிந்த அளவு தெரியும்.

மாமா கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. சாதாரண பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கு, அதாவது காலின் பலத்தைப் பெருக்கித் தரும் பாகத்துக்கு, தேவையான வேக்குவம் (வெற்றிடம்) இன்ஜினிலிருந்துதான் வருகிறது. இன்ஜின் நின்றால் பூஸ்டரில் தேங்கிய வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்கு வரும், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். நியூட்ரலில் இன்ஜினை நிறுத்திவிட்டு மலை இறங்கிய பழைய ஆட்கள் பலர் இதை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள். ஹைப்ரிட் காரில் இன்ஜின் அடிக்கடி நிற்பதே வழக்கம் என்பதால், பெரும்பாலான கம்பெனிகள் இந்த வேக்குவத்தை நம்புவதை விட்டுவிட்டன. டொயோட்டா பிரியஸில் ஒரு மின்சார பம்ப் பிரேக் ஆயிலை அழுத்தி, அக்யூமுலேட்டர் என்ற சின்ன உருளைக்குள் சேர்த்து வைக்கும். அதற்குள் நைட்ரஜன் வாயு அடைத்திருக்கும், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். காலை வைத்தவுடன் அந்த அழுத்தம் சக்கரங்களுக்குப் போகும். ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டில் எலெக்ட்ரிக் சர்வோ என்று வேறு ஏற்பாடு, அதிலும் உதவிக்கு நிற்பது மின்மோட்டார்தான். ஆக இன்ஜின் ஆஃப் ஆனதால் ஹைப்ரிட்டில் பிரேக் போகாது. பழைய பிரியஸ் ஒன்றின் டிரைவர் கதவை அமைதியான இடத்தில் திறந்து பாருங்கள். சாவி போடும் முன்பே பானட்டுக்குள்ளிருந்து சில வினாடி ஒரு முனகல் கேட்கும். நீங்கள் உட்காரும் முன்பே பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்கிறது.

அடுத்து, ரீஜென். காலை வைத்தவுடன் பேட் என்ற உராய்வுக் கட்டை போய், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டைப் பிடிப்பதில்லை. மென்மையாக மிதித்தால் முதலில் மின்மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பும். இதுதான் ரீஜென். அந்த இழுவையிலேயே வண்டி வேகம் குறையும். அழுத்தி மிதித்தாலோ, வண்டி நிற்கப் போகும் கடைசிக் கட்டத்திலோ, பேட்டரி நிறைந்துவிட்டாலோ, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏற்பாடு) வேலை செய்யத் தொடங்கினாலோ, டிஸ்க் பிரேக் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இந்தக் கைமாற்றத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. உங்கள் காலுக்குத் தெரியாமல் இருக்க, பெடலுக்குக் கீழே ஸ்ட்ரோக் சிமுலேட்டர் என்று ஒரு ஸ்பிரிங் ஏற்பாடு இருக்கும். அதாவது, நீங்கள் காலில் உணரும் அந்த எதிர்ப்பு நேரடியாகச் சக்கரத்திலிருந்து வருவது அல்ல, செய்து கொடுக்கப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைப்ரிட் பிரேக் பற்றிய பாதிப் புகார்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

அந்த வீடியோ சொன்ன ரீகால் உண்மைதான். ஆனால் அதில் இரண்டு தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். முதலாவது 2010 பிப்ரவரி. மூன்றாம் தலைமுறை பிரியஸ் 2009 மே மாதம் ஜப்பானில் வந்தது. சில மாதங்களிலேயே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரே மாதிரிப் புகார்: மெதுவாகப் பிரேக் பிடித்துக்கொண்டே போகும்போது முன்சக்கரம் குழியிலோ, பனியிலோ, இரும்புத் தகட்டிலோ ஏறினால், ஒரு கணம் பிரேக் விட்டுவிட்டது போல் இருக்கிறது. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு 124 புகார்கள் வந்திருந்தன, அதில் நான்கில் விபத்து நடந்ததாகவும் சொல்லப்பட்டது. டொயோட்டா பிரியஸையும் அதே ஏற்பாடு உள்ள வேறு சில மாடல்களையும் சேர்த்து உலகம் முழுக்க ஏறத்தாழ 4,37,000 கார்களைத் திரும்ப அழைத்தது. என்ன நடந்தது என்றால், சக்கரம் வழுக்கியதும் ஏபிஎஸ் உள்ளே வரும். உடனே ரீஜென் விலகி, டிஸ்க் பிரேக் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அந்தக் கைமாறும் இடத்தில் சின்னத் தாமதம். கால் அதே அழுத்தத்தில் இருக்க, வண்டியின் பிடி மட்டும் கொஞ்சம் தளரும். இன்னும் அழுத்தினால் பிடிக்கும். தீர்வு பாகம் மாற்றுவது அல்ல, ஏபிஎஸ் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது.

இதைச் ‘சின்ன விஷயம்’ என்று தள்ளிவிட மாட்டேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் போகும். அரை வினாடி பிடி தளர்ந்தால்கூட, முன்னால் நிற்கும் ஆட்டோவுக்கும் உங்களுக்கும் இடையே இருந்த இடைவெளி காலி. ஆனால் அதை ‘பிரேக் ஃபெயிலியர்’ என்பதும் சரியல்ல, பிரேக் அங்கேதான் இருந்தது. அதே மாதத்தில் ஃபோர்டும் தன் ஃப்யூஷன், மெர்குரி மிலன் ஹைப்ரிட் கார்கள் சுமார் 17,600-க்கு இதே போன்ற கைமாற்றப் பிரச்சினைக்காக சாஃப்ட்வேர் மாற்றிக் கொடுத்தது. ஒரு கம்பெனியின் அலட்சியம் என்பதைவிட, புதிய தொழில்நுட்பம் ரோட்டுக்கு வந்த ஆரம்ப காலத்தின் சிக்கல் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த நேரத்தில் டொயோட்டாவின் வேறு கார்களில் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொள்ளும் பிரச்சினைக்காகவும் பெரிய ரீகால் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் பத்திரிகைகள் ஒரே மூச்சில் எழுதியதால், இன்றுவரை பலருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாவது 2013 ஜூன். எனக்கு இதுதான் கனமான விஷயம். 2009 மார்ச் முதல் அக்டோபர் வரை தயாரான பிரியஸ், லெக்சஸ் எச்எஸ்250எச் கார்கள் சுமார் 2,42,000 திரும்ப அழைக்கப்பட்டன. மேலே சொன்ன அக்யூமுலேட்டருக்குள் நைட்ரஜனையும் ஆயிலையும் பிரிக்கும் உலோக மடிப்பில் நாளடைவில் வெடிப்பு விழலாம். வெடிப்பு விழுந்தால் நைட்ரஜன் பிரேக் ஆயிலுக்குள் கசியும், சேர்த்து வைத்த அழுத்தம் மெல்ல மெல்லக் குறையும். இது சாஃப்ட்வேர் கோளாறு அல்ல, பாகமே கெடுவது. டாஷ்போர்டில் பிரேக், ஏபிஎஸ் விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரியும், பஸ்ஸர் விடாமல் கத்தும், பெடலின் உணர்வு மாறும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்தால் சி1391, சி1256 மாதிரிக் கோளாறுக் குறியீடுகள் (‘கோடு’கள்) வரும். முதலாவது அக்யூமுலேட்டரில் கசிவு, இரண்டாவது அதில் அழுத்தம் குறைவு.

இந்த நிலையில் வந்த வண்டிகளை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பம்பும் அக்யூமுலேட்டரும் கைவிட்டால் சிஸ்டம் மாற்று வழிக்குப் போகும். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் உருளை) இடையே இருக்கும் நேரடித் தொடர்பு திறந்துகொண்டு, உங்கள் காலின் பலம் மட்டும் பைப் வழியாக முக்கியமாக முன்சக்கரங்களுக்குப் போகும். உதவி எதுவும் கிடையாது. பெடல் விறைத்துப்போய், வழக்கமாக மிதிப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு பலம் கேட்பது போல இருக்கும். ஆனால் வண்டி நிற்கும். ஆபத்து எங்கே என்றால், பெடல் இறுகியதும் ‘பிரேக் போய்விட்டது’ என்று நினைத்து ஓட்டுநர் காலை எடுத்து மறுபடி மறுபடி பம்ப் அடிப்பார். பழைய லாரி, அம்பாசிடர் காலத்துப் பழக்கம் அது. இங்கே அது உதவாது. மிச்சம் மீதி அழுத்தம் இருந்தால் அதையும் தீர்த்துவிடும். சீட்டில் முதுகைச் சாய்த்து, ஒரே மிதியாக, முழு பலத்தோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கூடவே பார்க்கிங் பிரேக்கையும் பயன்படுத்தலாம்.

சரி, 2009-இல் செய்த பிரியஸ் பாகத்துக்கும் நீங்கள் வாங்கப்போகும் ஹைரைடருக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக எதுவும் இல்லை. அந்த அறிவிப்பு சில மாதங்கள் தயாரான ஒரு குறிப்பிட்ட பாகத்தைப் பற்றியது. அதை வைத்து எல்லா ஹைப்ரிட்டையும் சந்தேகிப்பது நியாயமில்லை. ஆனால் பூஸ்டர், பம்ப், கம்ப்யூட்டர் என்று மின்சாரத்தை நம்பிய பிரேக் எதுவானாலும் வயதாகும்போது கெடலாம், கெட்டால் செலவு பெரிது என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். இணையத்தில் வரும் ‘பிரேக் பிடிக்கவில்லை’ கதைகளில் எத்தனை உண்மையிலேயே பாகம் கெட்டவை, எத்தனை கைமாற்றத்தின்போது ஏற்பட்ட பதற்றம், எத்தனை பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்தவை என்று வெளியிலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வண்டியைக் கையில் வைத்து, கம்ப்யூட்டர் பதிவுகளை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வீடியோ பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள். என்னையும் அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலைப்பாதை. ரீகாலைவிட இதுதான் உங்களுக்கு நேரடியாக வேண்டியது, ஆனால் யாரும் பேசுவதில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் இறக்கம், உயரத்தில் ஏறத்தாழ 1,450 மீட்டர் வித்தியாசம். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் கணக்குப் போட்டால் ஆறு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். டயர் உராய்வும் காற்றும் இரண்டு யூனிட்டைத் தின்றுவிட்டாலும் நான்கு யூனிட் மிச்சம். ஹைரைடர் ஹைப்ரிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 0.76 யூனிட். அதிலும் பேட்டரி கெடாமல் இருக்க நடுவில் ஒரு பகுதியை மட்டுமே கம்ப்யூட்டர் பயன்படுத்தும். ஆகவே என் கணக்கில், புறப்பட்ட சில கிலோமீட்டர்களிலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு ரீஜென் கிட்டத்தட்ட இல்லை. மிச்சச் சக்தி முழுவதும் டிஸ்க்கில் சூடாக மாற வேண்டும், இல்லையென்றால் இன்ஜின் அதை விழுங்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் ஓட்டுநருக்கு வித்தியாசம் தெரியும். மேலே இருந்து புறப்பட்டபோது இலேசாகக் காலை வைத்தாலே இழுத்துப் பிடித்த வண்டி, பாதி வழியில் கொஞ்சம் வழுக்கிப் போவது போல் இருக்கும். கோளாறு இல்லை, பேட்டரி நிறைந்ததன் அடையாளம். திடீரென்று இன்ஜின் தானாக உறுமத் தொடங்குவதும் உண்டு. சுற்றுலா வந்தவர்கள் அதைக் கேட்டுப் பயந்து போன் செய்வார்கள். பெட்ரோல் எரியாமலேயே இன்ஜினைச் சுழலவிட்டு, வேண்டாத சக்தியை அதில் செலவழிக்கிறது கம்ப்யூட்டர். டொயோட்டா ஹைப்ரிட்களில் கியர் லிவரில் ‘பி’ (ஆங்கில B, பார்க்கிங்குக்கான P அல்ல) என்று ஒரு நிலை இருக்கிறதே, அது இதற்குத்தான். சமதளத்தில் அதைப் போட்டு ஓட்டினால் ரீஜென் அதிகமாகி மைலேஜ் கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மைலேஜ் கூடாது, குறையத்தான் செய்யும். ஆனால் நீண்ட இறக்கத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இந்த ‘பி’ (B) போட்டுவிடுங்கள். பிரேக்கின் மேல் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். டிஸ்க்குக்கு ஆற நேரம் கிடைக்கும். நீலகிரிச் சாலைகளில், முக்கியமாக ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில், பிரேக் போனதாகச் சொல்லப்படும் வண்டிகளில் ஹைப்ரிட் என்பதே அபூர்வம். டாப் கியரில் பிரேக்கைத் தேய்த்துச் சூடேற்றிய சாதாரண டீசல், பெட்ரோல் வண்டிகள்தான் அதிகம்.

சூட்டோடு சேர்ந்தது பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலையில் ஆயில் கொதித்தால் பைப்பில் நீராவிக் குமிழ்கள் உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். நான் மேலே சொன்ன எதிலும் சேராத, உண்மையான பிரேக் ஃபெயிலியர் இதுதான், எந்த வண்டிக்கும் வரும். உங்களைப் போல வாராவாரம் மலை ஏறி இறங்குபவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். ‘பேட் தேயவே இல்லை, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்’ என்று கேட்பவர்கள் ஹைப்ரிட் உரிமையாளர்களில்தான் அதிகம். ரீஜென் பாதி வேலையைச் செய்வதால் பேட் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் வரும். அதனாலேயே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் போய்விடுகிறது. டிஸ்க்கில் துரு, கேலிபர் பின் (பேட்டை அழுத்தும் பாகம் நகர்வதற்கான தண்டு) இறுகல், பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்வது என்று சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். எங்களிடம் ‘பிரேக் சரியில்லை’ என்று வந்த ஹைப்ரிட்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். கம்ப்யூட்டரும் இல்லை, அக்யூமுலேட்டரும் இல்லை, கிரீஸ் வைக்காத ஒரு பின்.

இன்னொரு ரகம், ஹைப்ரிட் வேலை தெரியாத வெளி இடங்களில் கைவைக்கக் கொடுத்து வந்தவை. சாதாரண காரில் ஒருவர் உள்ளே பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே நிப்பிளைத் திறந்து ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றுவார், அதாவது ஏர் எடுப்பார். பிரியஸ் மாதிரி அக்யூமுலேட்டர் உள்ள வண்டியில் இப்படிச் செய்தால் உள்ளே காற்று தங்கிவிடும். ஸ்கேன் கருவியை மாட்டி, பம்பை அதன் வழியாக இயக்கி, அது சொல்லும் வரிசையில்தான் ஏர் எடுக்க வேண்டும். பேட் மாற்றுவதிலும் ஓர் எச்சரிக்கை: சக்கரத்தைக் கழற்றி, கேலிபரில் விரலை வைத்திருக்கும்போது யாராவது டிரைவர் கதவைத் திறந்தால் பம்ப் ஓடத் தொடங்கலாம், பெடலில் கைபட்டால் பிஸ்டன் முழு அழுத்தத்தில் வெளியே வரும். எங்கள் கடையில் பிரேக் வேலைக்கு முன் சிஸ்டத்தை முடக்கிவிட்டு, ‘கதவைத் தொடாதே’ என்று ஸ்டீயரிங்கில் அட்டை மாட்டுவோம்.

இப்போது நீங்கள் பார்த்திருக்கும் அந்தக் கார். விலை பேசும் முன் மூன்று வேலை செய்யுங்கள். ஸ்கேன் போட்டு, பிரேக், ஏபிஎஸ் பகுதியில் இப்போது இருக்கும் கோடுகள் மட்டுமல்ல, பழைய பதிவுகளையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். விற்பவர் முதல்நாள் கோடுகளை அழித்திருக்கலாம், அதனால் நீண்ட தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை ஸ்கேன் செய்யுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் வயதைக் கேளுங்கள். பிரேக் கம்ப்யூட்டர் அந்தச் சின்னப் பேட்டரியின் கரண்டில்தான் விழிக்கிறது. அது தளர்ந்தாலே இல்லாத கோளாறுகளுக்கெல்லாம் விளக்கு எரியும், பல பேர் அதை நம்பிப் பெரிய பாகத்தை மாற்றிக் காசை விட்டிருக்கிறார்கள். மூன்றாவது, நான்கு சக்கரங்களையும் கழற்றி டிஸ்க்கையும் பின்களையும் கண்ணால் பாருங்கள். ரிப்பேர் ரசீதுகளில் பிரேக் ஆயில் மாற்றிய தேதி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

பிறகு ஓட்டிப் பார்க்கும்போது, ஆளில்லாத, கொஞ்சம் குண்டும் குழியுமான ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இலேசாகப் பிரேக் பிடித்தபடியே குழியில் இறக்குங்கள். பிடி ஒரு கணம் அசைவது சகஜம், காலை அழுத்தியதும் உடனே பிடிக்க வேண்டும். விளக்குகள் எதுவும் எரியாமல், டிஸ்க் சீராக இருந்து, ஸ்கேனிலும் எதுவும் இல்லையென்றால் தாராளமாக வாங்கலாம். விற்பவர் சக்கரம் கழற்றவோ ஸ்கேன் போடவோ சம்மதிக்கவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு வேறு வண்டி பாருங்கள். ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்கள் இப்போது பழைய கார் சந்தையில் வரத் தொடங்கிவிட்டன, அவசரப்படத் தேவையில்லை.